அத்தியாயம் 9: பழைய சைலன்சரைப் படித்துவிட்டுப் புதியதை வாங்குங்கள்

பாலம் ஏறும்போது மட்டும் கேட்ட ‘தடதட’ சத்தம் ஒரு வாரத்தில் சமதரையிலும் கேட்க ஆரம்பிக்கும். அடுத்த வாரம், வண்டி தெருமுனை திரும்பும்போதே வீட்டில் தட்டு எடுத்து வைத்துவிடுவார்கள். குட்டியானையோ தோஸ்த்தோ பொலிரோ பிக்கப்போ, எந்த வண்டியானாலும் சைலன்சர் போவது இப்படித்தான்.

அந்த நேரத்தில் ஸ்டாண்டில் மூன்று பேர் மூன்று யோசனை சொல்வார்கள். “ஒரு தகடு வெச்சு வெல்டிங் அடிச்சிருண்ணே, ஆறு மாசம் ஓடும்” என்பார் ஒருவர். “வெளி கம்பெனி சைலன்சர் பாதி விலைதான்” என்பார் இன்னொருவர். “உள்ளே இருக்கிற தகட்டையெல்லாம் எடுத்துட்டு நேர் பைப்பா விடு, பிக்கப்பு பிச்சுக்கும்” என்பது மூன்றாமவரின் கட்சி. முதல் யோசனை சில சமயம் சரி. இரண்டாவது, பார்த்து வாங்கினால் சரி. மூன்றாவது எப்போதுமே தவறு. உங்களுக்கு எது பொருந்தும் என்பதைக் கீழே தொங்கும் பழைய சைலன்சரே சொல்லும். கடைக்குப் போகுமுன் வண்டிக்கு அடியில் போய் அதைப் பாருங்கள்.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது

எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் நிறைந்த புகை ஒரு குத்தாக வெளியே பாயும். 2005இல் வந்த முதல் குட்டியானையான டாடா ஏஸின் எஞ்சின் 702 சிசி, இரண்டு சிலிண்டர். நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும்போது அது நொடிக்கு 40 குத்து விடும். அதே வேகத்தில் நான்கு சிலிண்டர் பொலிரோ பிக்கப் 80 குத்து விடும். இரண்டு சிலிண்டர் வண்டியில் குத்துகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால், சைலன்சர் ஓட்டையானால் அது ‘டப டப’ என்று தனித்தனியாக அடிக்கும். மேலும், பொலிரோவில் இருக்கும் டர்போ சத்தத்தில் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிடும். அந்தப் பழைய ஏஸில் டர்போ கிடையாது. எல்லாப் பாரமும் சைலன்சர் தலையில்தான்.

சைலன்சர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. அறை வகையில் தகடுகள் பெட்டியை மூன்று நான்கு அறைகளாகப் பிரித்திருக்கும். ஒலி அலை அறைக்கு அறை மோதித் திரும்பி, தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும். பஞ்சு வகையில் ஓட்டைகள் போட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு அடைத்திருக்கும். பார்க்க நேர்த்தியாகவும் எடை குறைவாகவும் இருக்கும். ஆனால் டீசல் கரி அந்தப் பஞ்சில் படிந்துவிடும். பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ந்து வெளியேறவும் செய்யும். முதல் வருடம் ‘கும்’மென்று இருந்தது அடுத்தடுத்து அலற ஆரம்பிக்கும். லோடு வண்டிக்கு அறை வகைதான்.

மூன்றாமவரின் நேர் பைப்புக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். முதல் ஏஸின் எஞ்சின் 16 குதிரைத்திறன். அந்தத் திறனை முடிவு செய்வது சிலிண்டருக்குள் போகும் காற்றும் பம்ப் தரும் டீசலும்தான். உள்தகட்டைப் பிடுங்கினால் சத்தம் ஏறும், அதைக் கேட்கிற மனதுக்கு வேகமும் ஏறியதாகத் தோன்றும். ஏற்றத்தில் லோடோடு போய்ப் பாருங்கள், முன்பு போட்ட அதே கியர்தான் விழும். சைலன்சர் நிஜமாகவே இழுவையைக் கெடுக்கும் நிலையும் ஒன்று உண்டு: உள்தகடு கழன்று விழுந்து வழியை அடைத்தால். ஆறிய சைலன்சரை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளே ‘கலகல’வென்று உருண்டால் அதற்கு வெல்டிங் வைத்துப் பயனில்லை.

ஓட்டை எங்கே விழுந்தது?

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். சூடான வண்டியில் அது ஆவியாக வெளியேறிவிடும். காய்கறி மார்க்கெட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி ஓடி நிற்கும் வண்டியில் சைலன்சர் முழுச் சூடு ஏறாது. ஆவி உள்ளேயே தண்ணீராகி, புகையின் அமிலத்தையும் சேர்த்துக்கொண்டு அடியில் தேங்கும். துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். ஓட்டை அடிப்பக்கத்திலோ பின்மூடியின் மடிப்பிலோ இருந்தால் காரணம் இதுதான். இங்கே வெல்டிங் நிற்காது. சுற்றிலும் உள்ள தகடு காகிதம்போல ஆகியிருக்கும். ஓர் ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இரண்டு விழும்.

மீன் வண்டியின் கதை வேறு. ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் மேடையின் இடுக்கு வழியாகச் சூடான சைலன்சர் மேல் சொட்டும். உப்பு காய்ந்து படியும், மறுபடி நனையும். துரு மேலிருந்து கீழே இறங்கும். ஓட்டை மேல்பக்கத்தில் இருக்கும். இதற்குப் புது சைலன்சர் மட்டும் போட்டால் அதுவும் அதே கதிதான் அடையும். முதலில் மேடையில் தண்ணீர் வடிவதற்கு ஓரமாக ஒரு குழாய் வையுங்கள். பிறகு சைலன்சர் வாங்குங்கள்.

ஓட்டை இல்லாமல் ஃபிளாஞ்ச் ஓரத்திலோ தொங்கு கொக்கியின் அடியிலோ கீறல் விட்டிருந்தால் துருவைக் குற்றம் சொல்லாதீர்கள். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் செத்திருக்கும், அல்லது சைலன்சர் ரப்பர் அறுந்து யாரோ கட்டுக்கம்பியால் கட்டியிருப்பார்கள். எஞ்சின் ஆடும்போது குழாயும் கூட ஆட வேண்டும், ரப்பர் இருப்பதே அதற்காக. கம்பி கட்டினால் அந்த ஆட்டம் முழுவதையும் வெல்டிங் தாங்கவேண்டி வரும். இந்த ஒரு கேஸில் மட்டும் முதலாமவர் சொன்ன வெல்டிங் போதும், மவுண்டிங்கையும் ரப்பரையும் சேர்த்து மாற்றினால்.

கடையில் பார்க்க வேண்டியவை

கம்பெனி பாகம் கிடைத்து, விலையும் கட்டுப்படியானால் அதையே போடுங்கள். வெளி கம்பெனி சைலன்சர்தான் என்றால், பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போவது நல்லது. முடியாவிட்டால் அளவு எடுத்துக்கொண்டு போங்கள்.

*அளவு.* உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாய் இரண்டின் வெளிவிட்டத்தையும் வெர்னியரில் எடுங்கள். ‘ரெண்டு இஞ்சு’ என்று வாய்க்கணக்கு வேண்டாம். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே கிளாம்பு பிடிக்காமல் புகை கசியும். பெட்டியின் நீளம், குறுக்களவு, ஃபிளாஞ்ச் ஓட்டைகளின் மையத்துக்கு மையம், ஒவ்வொரு கொக்கிக்கும் முன்முனையிலிருந்து எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் ஒரு அட்டையில் படமாகப் போட்டுக்கொள்ளுங்கள். புதுப் பெட்டி பழையதைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது. கொள்ளளவு குறைந்தால் சத்தம் அடங்காது.

*உலோகம்.* கறுப்பு பெயின்ட் அடித்த சாதா இரும்புதான் விலை குறைந்தது, சீக்கிரம் போவதும் அதுதான். அலுமினியப் பூச்சுத் தகடு அதைவிட நெடுநாள் உழைக்கும். ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும், அந்த இடத்தில் சூடு தாங்கும் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். ஸ்டெயின்லெஸ் என்று விற்பதிலும் இரண்டு உண்டு. 409 ரகத்தில் குரோமியம் சுமார் 11 சதவீதம். மேலே லேசாகச் செம்மை படியும், ஆனால் எளிதில் ஓட்டை விழாது. 304 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். விலையும் அதற்கேற்ப ஏறும். சட்டைப்பையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள். 409இல் காந்தம் ஒட்டும், 304இல் ஒட்டாது, ஒட்டினாலும் பலவீனமாகத்தான். 304 விலை சொல்லும் சரக்கில் காந்தம் ‘சடக்’கென்று ஒட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். கடலோர மீன் வண்டிக்கு 304 செலவு வீணாகாது. கடலைவிட்டுத் தள்ளி ஓடும் வண்டிக்கு 409 அல்லது அலுமினியப் பூச்சே தாராளம்.

*வேலைத்தரம்.* குழாய் வளைவைத் தடவிப் பாருங்கள். வளைவின் உட்புறம் சப்பையாக நசுங்கியிருந்தால் புகைப்பாதை அங்கே குறுகும். வளைவு முழுக்க ஒரே உருண்டையாக இருக்க வேண்டும். மடிப்பு ஓடிய இடமெல்லாம் இடைவெளி இல்லாமல் இருக்கிறதா, வெல்டிங் ஒரே சீராகச் சுற்றி வந்திருக்கிறதா என்று பாருங்கள். அடியில் சின்னதாக ஓர் ஓட்டை இருந்தால் அது குறை இல்லை, தண்ணீர் வடிவதற்காக வைத்தது. ‘புதுசுலயே ஓட்டையா’ என்று அதை அடைத்துவிட்டு, ஒரே மழைக்காலத்தில் சைலன்சரைத் தொலைத்தவர்கள் உண்டு.

கை வைக்கக் கூடாத பெட்டிகள்

2020 ஏப்ரல் 1 முதல் விற்ற வண்டிகள் பிஎஸ்-6. இவற்றில் எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவே புகையைச் சுத்தப்படுத்தும் பெட்டிகள் இருக்கும்: டீசல் வண்டியில் ‘கேட்கான்’ எனப்படும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், கரியைப் பிடிக்கும் டிபிஎஃப், சில மாடல்களில் டெஃப் திரவம் பீய்ச்சும் பகுதியும் உண்டு. சென்சார் ஒயரோ, மெல்லிய அழுத்தக் குழாயோ வந்து சேரும் எந்தப் பெட்டியும் சைலன்சர் இல்லை. உங்கள் வேலை அதற்குப் பின்னால் உள்ள பெட்டியோடு நிற்க வேண்டும்.

“கேட்கானை எடுத்துட்டா மைலேஜ் ஏறும், எடுக்கிற கூலிகூட வேண்டாம்” என்று ஒரு பட்டறையில் சொன்னால் அந்தத் தாராளத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதன் உள்ளே பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசியிருக்கும். அதை அங்கே விட்டுவிட்டு வருபவருக்குக் கிடைப்பது டேஷ்போர்டில் எரியும் எஞ்சின் விளக்கும், அடுத்த புகைச் சான்றில் ஒரு தலைவலியும்தான்.

சட்டம் சொல்வது

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 120ஆம் விதிப்படி ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் சத்தம் குறைக்கும் சைலன்சர் இருந்தாக வேண்டும். 112ஆம் விதிப்படி புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமோ போகக் கூடாது. பின்பக்கமோ வலப்பக்கமோதான் போக வேண்டும். நம் சாலையில் இடப்பக்கம் நிற்பவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் என்பதை நினைத்தால் விதியின் நியாயம் புரியும். டெயில் பைப்பின் வாயை இடப்பக்கம் திருப்பி வைத்திருக்கும் சைலன்சரை வாங்காதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 190(2) பிரிவின்படி, சத்தம், புகை வரம்பை மீறும் வண்டியை ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறையே மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். மூன்று மாதம் லைசென்ஸும் போகும். சட்டம் அனுமதிக்காத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. பழையது இருந்த இடத்தில், அதே அளவில், அதே வேலையைச் செய்யும் சைலன்சர் போட்டால் இந்தப் பிரிவுகளை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. எஃப்சிக்கு வண்டி விடும்போதும் தொந்தரவு வராது.

மாட்டும் முறை

அரைநாள் வேலை. லோடு இல்லாத வண்டி, சமதரை, குறைந்தது இரண்டு மணி நேரம் ஆறிய எஞ்சின். பட்டறைக் குழி கிடைத்தால் உத்தமம்.

1. ஹேண்ட் பிரேக் போட்டு, முன்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டு வைத்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். ஹாலோபிளாக் கல்லை முட்டுக் கொடுக்காதீர்கள், அது விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரேயடியாக நொறுங்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்துச் செய்யும் வேலையில் துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

2. ஃபிளாஞ்ச் போல்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். காலையில் ரிங் ஸ்பானர் போட்டுக் கொஞ்சம் இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு கழற்றுங்கள். அசையாத நட்டோடு மல்லுக்கட்டி மேனிஃபோல்டு ஸ்டட்டை முறித்துவிடாதீர்கள். நட்டை வெட்டி எடுப்பது மலிவு. கிரைண்டர் பிடிக்கும் முன் டீசல் குழாய், பிரேக் ஹோஸ், ஒயர் எதுவும் பொறி விழும் தூரத்தில் இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

3. ரப்பரிலிருந்து கொக்கியை உருவச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். எண்ணெய் தடவினால் ரப்பர் ஊறிக் கெடும். ரப்பரை விரித்துப் பார்த்து வெடிப்பு இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பழைய ஒன்றும் புதிய இரண்டுமாகப் போட்டால் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து தொங்கும்.

4. ஃபிளாஞ்ச் முகத்தைக் கம்பி பிரஷால் பளிச்சென்று தேய்த்து, புதுப் பேக்கிங் வையுங்கள். பழைய பேக்கிங் ஒருமுறை நசுங்கியது, மறுபடி அடைக்காது. புதுப் போல்டுகளின் மரையில் காப்பர் கிரீஸ் தடவினால் அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

5. சைலன்சரில் நுழைவு, வெளியேற்றத் திசை குறித்திருந்தால் அதன்படி வைத்து, எல்லா இணைப்பையும் கையால் மட்டும் பூட்டுங்கள். குழாய்க்குள் குழாய் நுழையும் இடத்தில் முன்குழாய் உள்ளே, பின்குழாய் வெளியே. குறைந்தது 40 மில்லிமீட்டராவது உள்ளே போக வேண்டும்.

6. வெல்டிங் வைத்தே தீர வேண்டும் என்றால் சாக்பீஸால் குறி போட்டு, கழற்றி வெளியே வைத்து அடியுங்கள். வண்டியிலேயே அடிப்பதானால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் குழாயிலேயே கடியுங்கள். சேஸிஸின் வேறொரு மூலையில் கடித்தால் கரண்ட் பேரிங் வழியாகவும் எலெக்ட்ரானிக்ஸ் வழியாகவும் பாதை தேடும்.

7. கடைசி இறுக்கத்துக்கு முன் இடைவெளி பாருங்கள்.

இந்த ஏழாவதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஜாக்கியில் நின்ற வெறும் வண்டியில் டெயில் பைப்புக்கும் அதன் கீழே இருந்த ஆக்சிலுக்கும் நடுவே நான்கு விரல் நுழைந்தது. திருப்தியாக இறுக்கிவிட்டேன். மறுநாள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினால், முதல் வேகத்தடையிலேயே கீழே ‘டங்’. நான்காவது வேகத்தடையில் குழாய் நசுங்கி, கிளாம்பு நழுவிவிட்டது. சேஸிஸைத் தூக்கினால் ஆக்சில் கீழே தொங்கும், அப்போது தெரியும் இடைவெளி பொய் என்பதை அன்று யோசிக்கவில்லை.

சரியான முறை இது. வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, குழியில் நின்று பாருங்கள். ஆக்சிலுக்கு மேலே சேஸிஸில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். முழு லோடில் பிளேட் நிமிர்ந்து ஆக்சில் அந்த ரப்பரில் முட்டும்வரை மேலே வரும். ஆக்சிலுக்கும் ரப்பருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ, அதைவிடக் கூடுதலாக ஆக்சிலுக்கும் அதன் மேலே போகும் குழாய்க்கும் நடுவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் இடிபடப்போவது உறுதி. அப்படியே ஸ்டெப்னி, பிரேக் ஹோஸ், ஒயர், சுழலும் ஷாஃப்ட் எதுவும் குழாயை உரசவில்லை என்று பார்த்துவிட்டு, முன்னாலிருந்து பின்னால் வரிசையாக இறுக்குங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஐடிலில் வைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழ் வந்தால் கசிவு. ஒருவர் தடித்த ஈரத்துணியால் டெயில் பைப் வாயைச் சில நொடி பொத்தினால் கசியும் இடம் ‘உஸ்’ என்று காட்டிக்கொடுக்கும். குழாய் சூடேறுமுன் இதை முடித்துவிடுங்கள். முதல் பத்து இருபது நிமிடம் புதுச் சைலன்சரிலிருந்து லேசான புகையும் பெயின்ட் வாடையும் வரும். பயப்பட வேண்டாம், எண்ணெய்ப் படலம் எரிகிறது.

கேபினுக்கு அடியில் உள்ள கசிவை மட்டும் ‘அப்புறம் பார்ப்போம்’ என்று விடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரவில் லோடுக்குக் காத்திருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டுக் கேபினில் தூங்கும் பழக்கம் பலருக்கு உண்டு. சைலன்சர் நன்றாக இருந்தாலும் அந்தப் பழக்கம் வேண்டாம், கசிகிற வண்டியில் அது உயிருக்கே ஆபத்து. டெயில் பைப் வாய் மேடைக்கு அடியிலேயே முடிந்துவிடாமல் வெளியே வர வேண்டும். தார்ப்பாயின் தொங்கலும் கயிற்று முனையும் அதன் எதிரே படாமல் கட்டுங்கள். வைக்கோல் ஏற்றும் வண்டியில் இதை இரண்டு முறை பாருங்கள்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும், ஆறிய நிலையில் எல்லா நட்டையும் மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள். சூட்டில் விரிந்து சுருங்கிய இணைப்பு கொஞ்சம் தளர்ந்திருக்கும். குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியானால், வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது நெடுஞ்சாலையில் ஓட்டி உள்ளே தேங்கிய தண்ணீரை ஆவியாக்குங்கள்.

மாட்டிய தேதியையும் கிலோமீட்டரையும் வண்டி நோட்டில் எழுதிவையுங்கள். பழைய சைலன்சரை அன்றைக்கே காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். புதியதில் ஒரு கொக்கி பொருந்தாவிட்டாலோ கடைக்காரரிடம் மாற்றிக் கேட்க வேண்டி வந்தாலோ அளவுக்கு ஆதாரம் அதுதான். முழு லோடில் ஒரு நடை போய்வந்து, அடியில் இடித்த தடம் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு எடைக்குப் போடுங்கள்.